பட்டிக்காட்டான்: எங்கிருந்து வந்த சொல்?

மதுரை பஸ் நிலையங்களில் நின்று பெயர்ப் பலகைகளை வாசித்தால் உசிலம்பட்டி, வாடிப்பட்டி, ஆண்டிபட்டி, கொட்டாம்பட்டி, கல்லுப்பட்டி என்று பட்டிகளாகவே வந்துகொண்டிருக்கும். மலையாளம் மட்டுமே தெரிந்த ஒருவர் பார்த்தால் திகைத்துப் போவார். அவர் மொழியில் பட்டி என்றால் நாய். நமக்கு அது ஊர். அந்தப் பட்டியோடு காடு சேர்ந்து, காட்டோடு 'ஆன்' விகுதி சேர்ந்து வந்ததுதான் பட்டிக்காட்டான். கிராமத்திலிருந்து வந்தவரை, அல்லது அப்படி வந்தவர்போல நடந்துகொள்பவரை, மட்டம் தட்ட நகரத்தார் எடுத்து வீசும் சொல். பிரித்துப் பார்த்தால் பட்டியிலும் வசை இல்லை, காட்டிலும் வசை இல்லை. இரண்டும் சேர்ந்த பிறகு எங்கிருந்து வந்தது ஏளனம்? அதைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம்.

முதலில் பட்டி. ஆடுமாடுகளை இரவில் அடைத்து வைக்கும் அடைப்புக்குப் பெயர் பட்டி. முள்ளை வெட்டிப் போட்டோ மூங்கில் படலைக் கட்டியோ நான்கு பக்கமும் மறித்துவிட்டால் போதும். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த மொழி இது. 'மாடல்ல மற்றை யவை' என்று குறள் சொல்லும்போது அங்கே நிற்பது கால்நடை அல்ல, செல்வம். ஆகவே ஒருவர் பட்டி வைத்திருக்கிறார் என்றால் கையில் காசு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மாட்டுப் பொங்கலன்று 'பட்டி பெருக, பால் பானை பொங்க' என்று வாய் நிறையச் சொல்வது இந்தச் செல்வத்தை வாழ்த்தித்தான். ஈழத் தமிழர் அந்த நாளையே பட்டிப் பொங்கல் என்கிறார்கள்.

ஆடுமாடு அடைந்த இடத்தைச் சுற்றி ஆட்களும் குடியேறினார்கள். நான்கு குடிசை எழுந்தது, கிணறு வெட்டினார்கள், காவலுக்கு ஒரு கருப்பசாமியை வைத்தார்கள். அடைப்பின் பெயரே ஊரின் பெயராயிற்று. இந்த வளர்ச்சி தமிழில் மட்டும் நடந்ததல்ல. கன்னடத்தில் நம் பால் 'ஹாலு' ஆகும், பள்ளி 'ஹள்ளி' ஆகும். அதே வழியில் நம் பட்டி 'ஹட்டி' ஆகிறது. அங்கும் அதற்கு மாட்டுக் கொட்டில், சிற்றூர் என இரண்டு பொருளும் உண்டு. நீலகிரியில் படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அதைச் சொல்லி யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.

மதுரையைச் சுற்றிப் பட்டிகள் இத்தனை மலிந்திருப்பதற்கு மண்ணின் தன்மையும் ஒரு காரணம். வைகையின் ஈரம் எட்டும் நிலத்தில் மங்கலம், நல்லூர், குடி என்று முடியும் பெயர்கள் அதிகம் கண்ணில் படும். மங்கலம் என்பது பெரும்பாலும் அரசர்கள் அந்தணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். நெல் விளையும் நிலம் கையில் இருந்தால்தானே தானம் செய்ய முடியும்? ஆற்றை விட்டு விலகி, வானம் பார்த்த பூமிக்குள் நுழைந்தால் பட்டிகள் தொடங்கிவிடும். மழையை நம்பி ஒரு போகம், மீதி நாளெல்லாம் ஆடுமாடு என்று பிழைத்த நிலம் அது. 1895-இல் பெரியாறு அணை திறந்து, மேற்கே பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பியபோது இந்தப் பகுதியின் ஒரு பங்கு நஞ்சையானது. பெயர்கள் மட்டும் மாறவில்லை. இரண்டு போகம் விளையும் பட்டிகளும் இன்று உண்டு.

பட்டிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கட்டுக்கு அடங்காமல் அயலார் பயிரில் வாய் வைக்கும் மாட்டுக்குப் பட்டி மாடு என்று பெயர். அப்படி அலையும் மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்துக்குப் பிறகு ஊர்தோறும் இது அரசாங்க விவகாரமாயிற்று. அபராதம் கட்டினால்தான் மாடு வீடு திரும்பும். அடங்காதவன், ஊர் மேய்பவன் என்று ஆளைத் திட்டும்போது பட்டி என்று வருவது இந்த வழியில்தான். ஆனால் பட்டிக்காட்டான் என்று சிரிக்கிறவர்கள் நினைவில் அடங்காத மாடு இல்லை. அவர்கள் சிரிப்பது அடங்கி ஒடுங்கி நிற்பவனைப் பார்த்து. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. மதுரை பெயர் பெற்றிருக்கும் பட்டிமன்றத்தின் முதல் பாதியும் இதே ஒலிதான். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பட்டிமண்டபம் என்று சொல்வது கற்றவர்கள் கூடி வாதிடும் அரங்கை. எனவே பட்டி என்ற ஓசையிலேயே இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து காடு. பள்ளிக்கூடத்தில் காடு என்றதும் யானை, புலி, அடர்ந்த மரங்கள் என்று படம் வரைகிறோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் காலையில் தூக்குவாளியோடு 'காட்டுக்குப் போகிறேன்' என்று சொன்னால் அவர் வேட்டைக்குப் போகவில்லை, தன் நிலத்துக்குப் போகிறார். பருத்திக்காடு, சோளக்காடு, கடலைக்காடு, கம்மங்காடு எல்லாம் உழுது விதைத்த புன்செய். பருத்திக்காட்டில் நிழலுக்கு ஒரு வேம்பு நின்றால் அதுவே பெரிது. காட்டு வேலை என்றால் விவசாய வேலை. காடுகரை உள்ள குடும்பம் என்றால் பெண் கொடுக்கலாம் என்று பொருள்.

பழைய இலக்கியத்தில் இப்படி இல்லை. அங்கே காடும் நாடும் எதிரெதிர் நிற்பவை. ஔவையார் புறநானூற்றில் நிலத்தைப் பார்த்து, 'நாடா கொன்றோ காடா கொன்றோ' என்று தொடங்கி, நீ எதுவாக இருந்தாலும் அங்கே ஆடவர் நல்லவராக இருந்தால் நீயும் நல்லை என்று முடிக்கிறார். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, 'காடு கொன்று நாடாக்கி' என்கிறது. வெட்டித் திருத்தினால் காடு நாடாகிவிட வேண்டும், அதுதான் கணக்கு. நம் பக்கத்து உழவர்கள் காட்டைக் கொன்ற பிறகும் அதன் பெயரைக் கைவிடவில்லை. தாத்தா வெட்டித் திருத்திய நிலம் பேரனுக்கும் காடாகவே இருக்கிறது.

இங்கே ஓர் இலக்கண நுட்பம் இருக்கிறது. பள்ளியில் வெறுத்த பாடமாக இருந்தாலும் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். 'காடுகரை' என்பது காடும் கரையும், உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் வல்லின ஒற்று மிகாது. பட்டிக்காட்டில் நடுவே 'க்' மிகுந்து நிற்கிறது. ஆகவே அதைப் பட்டியும் காடும் என்று விரிக்க முடியாது. பட்டியைச் சேர்ந்த காடு என்றுதான் விரிக்க வேண்டும். பெரிய ஊர்கூட இல்லை, சிற்றூர். அதிலும் ஊர் நடு இல்லை, அதை ஒட்டிய புன்செய். 'நீ ஊரிலிருந்துகூட வரவில்லை, ஊருக்கு வெளியே இருக்கும் கொல்லையிலிருந்து வந்திருக்கிறாய்' என்ற தூரம் அந்த ஒற்றைப் புள்ளி வைத்த எழுத்துக்குள் அடங்கிவிட்டது. ஏளனம் குடிபுகுந்த இடம் அந்தத் தூரம்தான் என்பது என் எண்ணம்.

கடைசியில் வரும் 'ஆன்' விகுதியும் தன் பங்கைச் செய்கிறது. 'ஆர்' போட்டால் மரியாதை, 'ஆன்' போட்டால் எடுத்தெறிதல். பேச்சில் இன்னும் ஒரு படி இறங்கி, ஆளையே இடமாக்கிவிடுவதும் உண்டு. 'அவள் ஒரு பட்டிக்காடு' என்றால் இலக்கணக்காரர் இடவாகுபெயர் என்று குறித்துக்கொள்வார். அந்தப் பெண் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள். பெண்களைச் சொல்லும்போது விகுதியே இல்லாத இந்த வடிவம்தான் அதிகம் புழங்குகிறது. புதிதாகத் திருமணமாகி நகரத்துக்கு வந்த மருமகள்கள் இதைக் கேட்காமல் தப்பியது அபூர்வம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல் பட்டணம். பட்டினம் என்பது பழங்காலத்தில் கடற்கரைத் துறைமுக நகர். பட்டணம் என்பது பொதுவாகப் பெருநகர். பின்னாளில் வெறுமனே 'பட்டணம்' என்றால் சென்னை என்று ஆனது. 'கெட்டும் பட்டணம் சேர்' என்று பழமொழி வந்தது. 1972-இல் சோழவந்தானைக் களமாக வைத்து வந்த திரைப்படத்துக்குப் 'பட்டிக்காடா பட்டணமா' என்று பெயர் வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மதுரையில் இந்தப் பிரிவினைக்கு ஒரு காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் இருந்தன. நாயக்கர் காலக் கோட்டைச் சுவர் நகரைச் சுற்றி நின்றது, அகழியும் இருந்தது. உள்ளே இருப்பவன் நகரத்தான், வெளியே இருப்பவன் மற்றவன். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வீதிகள் போட்டார்கள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைச் செய்தவர்கள் பெயரில் இன்றும் இருக்கின்றன. கீழவாசல், தெற்குவாசல் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்த வாசல்களுக்குச் சுவர் இல்லாமல் போய் ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகின்றன. 1866-இல் நகராட்சி, 1971-இல் மாநகராட்சி என்று நகரம் வெளியே நடந்துகொண்டே போய்ப் பக்கத்துக் கிராமங்களை விழுங்கியது. விழுங்கிய தடயத்தைப் பெயர்களில் பார்க்கலாம்: செல்லூர், வண்டியூர், ஆத்திகுளம், தத்தனேரி. மாநகராட்சி அலுவலகமே தல்லாகுளத்தில் இருக்கிறது. ஊரின் பெரிய பஸ் நிலையம் நிற்கும் மாட்டுத்தாவணி, பெயருக்கு ஏற்ப மாட்டுச் சந்தைக்கான சொல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மதுரைக்காரர் இன்னொருவரைப் பட்டிக்காட்டான் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்குத் துணையாக வரும் பழமொழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 'பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்ததுபோல.' மிட்டாய் என்பதே வடக்கேயிருந்து வந்த சொல், மிட்டாய்க்கடையும் நகரத்துச் சரக்கு. எனவே இந்த வடிவத்தில் பழமொழி மிகப் பழையதாக இருக்க வாய்ப்பில்லை. கிராமத்தில் இனிப்பு என்பது கடையில் வாங்குவதல்ல. தீபாவளிக்கு அதிரசம், கோயில் கொடைக்குப் பணியாரம், விருந்தாளி வந்தால் சீயம் என்று நாள் பார்த்து அடுப்பேறுவது. பெட்டிக்கடை ஜாடியில் கடலை மிட்டாயும் தேன் மிட்டாயும் கமர்கட்டும் இருக்கும். கைக்குழந்தைக்குக்கூட அவற்றின் விலை தெரியும். இப்படிப் பழகியவர் நகரத்துக்கு வருகிறார். கண்ணாடிக்குப் பின்னால் லட்டு கோபுரமாக நிற்கிறது, ஜிலேபி பாகு சொட்டச் சொட்ட அடுக்கியிருக்கிறது, எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில். பார்க்காமல் என்ன செய்வார்?

பழமொழி 'பார்த்ததுபோல' என்பதோடு நின்றுவிடுகிறது. வாங்கினாரா, ஏன் வாங்கவில்லை, இடுப்பு முடிச்சில் எவ்வளவு இருந்தது என்ற பேச்சே இல்லை. வெறும் பணமில்லாமையை அறிவில்லாமையாக மாற்றிக் காட்டுவதில் இந்தப் பழமொழி கெட்டிக்கார வேலை செய்திருக்கிறது. விமான நிலையத்தில் ஒரு காபியின் விலையைப் பார்த்துவிட்டு வாயடைத்து நிற்கும் நகரத்தாருக்குப் பழமொழி எதுவும் இன்னும் பிறக்கவில்லை.

பட்டிக்காட்டான் என்று அடையாளம் காண நகரத்தார் வைத்திருக்கும் குறிகளில் முதலாவது சத்தம். 'காட்டுக்கத்தல்' என்றே ஒரு சொல் இருக்கிறது. காட்டில் நிற்பவர் நான்கு வயல் தள்ளி நிற்கும் தம்பியிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டும். காற்று எதிர்த்து அடிக்கும். இடையில் ஒருவரும் இல்லை. குரல் அதற்குத் தக்கபடி வளர்கிறது. அதே குரலோடு அவர் வங்கிக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் இருக்கும் அலுவலரிடம் நகைக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்கிறார். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்புகிறார்கள். தன் கடனை ஊருக்கே சொல்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு இல்லை. அவர் ஊரில் அது எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி.

இரண்டாவது குறி உடை. இதில் மதுரைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1921 செப்டம்பரில் காந்தி மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் நீண்ட உடையைக் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். கதர் உடுத்துங்கள் என்று சொன்னால், அத்தனை முழம் கதர் வாங்க எங்களிடம் காசு இல்லை என்று ஏழைகள் சொன்ன பதில் அவரை உறுத்தியிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது இந்தப் பக்கத்து உழவரும் கூலியாளும் அன்றாடம் உடுத்திய உடையைத்தான். பிறகு வாழ்நாள் முழுவதும் அதே உடை. லண்டனுக்கும் அதே உடையில் போனார். மேலமாசி வீதியில் அதற்கு முதல் நாள்வரை அந்த வேட்டிக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

மற்றக் குறிகளை விரைவாகச் சொல்லிவிடலாம்: செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் நுழைவது, நகரும் படிக்கட்டின் முன் தயங்குவது, ஹோட்டலில் சர்வரிடம் 'சாப்பிட்டீர்களா தம்பி' என்று விசாரிப்பது. கடைசியில் சொன்னது எப்படி இந்தப் பட்டியலில் சேர்ந்தது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இந்தச் சொல்லைப் புதிதாகக் கற்பவர்கள் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது, இதற்கு நிரந்தர முகவரி கிடையாது என்பதை. சென்னையில் வேலை பார்க்கும் மதுரை இளைஞர் அங்கே பட்டிக்காட்டான். மதுரையே ஒரு பெரிய கிராமம்தானே என்று அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். அவரே மதுரைக்கு வந்தால் உசிலம்பட்டிக்காரரைச் சொல்வார். உசிலம்பட்டி டவுன்காரருக்கு மலையடிவாரத்துச் சிற்றூரில் ஆள் கிடைப்பார். அந்தச் சிற்றூரிலும் பஸ் வரும் தெரு, பஸ் வராத தெரு என்று இருக்கும். ஆக, சொல் ஒரு திசையைத்தான் காட்டுகிறது: சொல்பவருக்கு முதுகுப் பக்கம், அவர் சமீபத்தில் விட்டு வந்த இடம். இரண்டு தலைமுறையாக நகரத்தில் இருப்பவரைவிட, பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர் இதை அதிகம் சொல்வதைக் கவனிக்கலாம்.

இந்த ஏற்பாடெல்லாம் தலைகீழாகும் நாட்கள் சித்திரையில் வரும். அழகர்கோயிலிலிருந்து அழகர் கள்ளர் வேடத்தில் புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை கொண்டு, வைகையில் இறங்குகிறார். முன்பு தேனூர் என்ற கிராமத்தில் இறங்கிக்கொண்டிருந்தவரை, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் நகரத்துத் திருவிழாவோடு சேர்த்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. வண்டியூரில் உள்ள தேனூர் மண்டபம் அந்தப் பெயரைக் காத்துவருகிறது. அந்த நாட்களில் சுற்றுப்பட்டி சனமெல்லாம் மதுரைக்குள் இருக்கும். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுபவர்கள், திரி ஏந்தி ஆடுபவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள். தமுக்கத்திலிருந்து ஆறுவரை ஒதுங்க இடம் இருக்காது. வேட்டியை மடித்துக் கட்டியவர் வழிகேட்கவில்லை, வழிகாட்டுகிறார். நகரத்துக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நகர்கிறார். பட்டிக்காட்டான் என்ற பேச்சை அந்தக் கூட்டத்தில் எடுக்க யாருக்கும் தோன்றாது, எடுத்தால் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே.

சொல்லுக்கு உரியவர்களே இதைக் கையில் எடுக்கும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியும் முன்பே மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். விலை நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும்தான் தெரியும். மூட்டையை அவிழ்த்து மொட்டைக் கையில் அள்ளிக் காட்டிக்கொண்டே விவசாயி சொல்வார்: 'நாங்கள் பட்டிக்காட்டு ஆட்கள், எங்களுக்கு என்ன தெரியும் அண்ணே. நீங்கள் பார்த்துப் போடுங்கள்.' புதிதாக வந்த வியாபாரி இதைக் கேட்டு உச்சி குளிர்ந்து ஒரு விலை சொல்வார். உடனே விவசாயி, நிலக்கோட்டையில் இன்று காலை என்ன விலை போனது, நாளை முகூர்த்த நாளுக்கு எத்தனை டன் தேவைப்படும், நேற்றுப் பெய்த மழையில் யார் யார் தோட்டத்தில் மொட்டு உதிர்ந்தது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்குவார். பழைய வியாபாரிகள் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கிராமத்தாரும் பதிலுக்குச் சும்மா இருப்பதில்லை. நெல் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்ட டவுன்காரர் கதை இல்லாத ஊர் கிடையாது. கன்றுக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியாதவர், வரப்பில் நடக்கத் தெரியாமல் சேற்றில் விழுந்தவர், கிணற்றைப் பார்த்தாலே தலைசுற்றுபவர் என்று அவர்கள் கையிலும் ஒரு கையிருப்பு உண்டு. ஆனால் 'டவுன்காரன்' என்ற சொல் எவ்வளவு சொன்னாலும் வசையாவதில்லை. வங்கியும் ஆஸ்பத்திரியும் தாலுகா அலுவலகமும் டவுனில் இருக்கும்வரை ஆகவும் ஆகாது.

ஊர் உலகம் முழுக்க இதே கதைதான். தமிழ்ப் படங்களில் கதாநாயகனிடம் அடிவாங்கும் வில்லன் இருக்கிறாரே, அவர் பிறப்பால் ஒரு பாவப்பட்ட விவசாயி. இலத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவனுக்கு ஏற்பட்ட பெயர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் நாகரிகமற்றவன், பிறகு அயோக்கியன் என்று பொருள் கெட்டு, கடைசியில் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 'ரெட்நெக்' என்று சொல்வது வெயிலில் குனிந்து உழைத்துக் கழுத்துச் சிவந்த வெள்ளைக்கார உழவரை. நம் பக்கத்துப் 'பாமரன்' என்ற வடசொல்லும் கீழோன், குடியானவன் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது. பண்ணையில் உழைப்பவனின் பெயர் கெடுவதற்கும், அந்தப் பெயரை எழுதி வைத்தவர்கள் வேறிடத்தில் உட்கார்ந்திருந்ததற்கும் தொடர்பு இருக்கிறது.

எதிர்த்தட்டில் 'நாகரிகம்' ஏறியதும் இப்படித்தான். நகரத்தைச் சேர்ந்தது என்ற பொருளில் பிறந்த சொல். ஆனால் வள்ளுவர் அதைக் கையாளும் இடம் கவனிக்கத்தக்கது. 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்' என்ற குறள் கண்ணோட்டம் அதிகாரத்தில் வருகிறது. பழகியவர் தன் கண்ணெதிரிலேயே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் அருந்திவிடுவதை அவர் நாகரிகம் என்கிறார். அந்த அளவுகோலை வைத்தால், முன்பின் தெரியாதவருக்கு மோர் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைக்கும் பட்டிகளுக்கும் நாகரிகத்தில் பங்கு கொடுத்தாக வேண்டும்.

பட்டிக்காட்டானுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. காட்டான் முரடனுக்கு, நாட்டுப்புறத்தான் விவரம் தெரியாதவனுக்கு. இதில் நாட்டுப்புறத்தின் கதை தனிச் சுவை. நாடு என்பது சோழர் பாண்டியர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த நிலப் பிரிவு; அதன் பெரியவர்கள் நாட்டார். மேலூர்ப் பக்கம் இன்றும் நாட்டுக் கூட்டம் கூடி முடிவெடுப்பதைப் பார்க்கலாம். அவ்வளவு கம்பீரமான நாடு, 'புறம்' சேர்ந்ததும் கிண்டலானது. நகர்ப்புறத்துக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பிறகு காற்று மாறியது. பாட்டும் கூத்தும் கதையும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது நாட்டுப்புறவியல், நாட்டார் வழக்காற்றியல் என்று பட்டம் வாங்கும் படிப்பானது. கடைத்தெருவில் நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு முட்டை என்றால் விலை கூடுதல். நாட்டுக்குக் கிடைத்த இந்தப் பதவி உயர்வு பட்டிக்காட்டுக்கு ஏனோ கிடைக்கவில்லை. பட்டிக்காட்டுக் கோழி என்று பலகை மாட்டிய கடையை நான் பார்த்ததில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சொல் நூறு ஏக்கர் வைத்திருக்கும் பண்ணையாரையும் அவர் காட்டில் களை எடுக்கும் பெண்ணையும் ஒரே பட்டியில் அடைக்கிறது. ஊருக்குள் ஒருவர் இருக்கும் தெருவுக்கு இன்னொருவர் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் இருந்தது. நகரத்தில் கேலி செய்கிறவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. கிராமம் என்றாலே பால் வடியும் என்று எழுதுகிறவருக்கும் படுவதில்லை. களை எடுத்த பெண்ணின் மகன் படித்து நகரத்துக்கு வந்து, அங்கே பட்டிக்காட்டான் என்று கேட்கும்போது அவனுக்கு வலிப்பதும், பண்ணையார் மகனுக்கு வலிப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் பழகும்போது என்ன சொல்லலாம்? எழுத்தில் கிராமத்தார், சிற்றூர் மக்கள் என்பவை போதும். சூதுவாது தெரியாதவர் என்று அன்போடு சொல்ல இந்தப் பக்கத்தில் 'வெள்ளந்தி' இருக்கிறது. 'அப்புராணி'யும் உண்டு, அதில் கொஞ்சம் இரக்கம் தூக்கலாக இருக்கும். தன்னைத்தானே ஒருவர் பட்டிக்காட்டான் என்று சொல்லிக்கொண்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். உழவரை உழவராகவே மதித்துச் சொல்ல, பேரையூர், கல்லுப்பட்டியிலிருந்து தெற்கே கரிசல் மண் வரைக்கும் 'சம்சாரி' என்ற அருமையான சொல் புழங்குகிறது. துறவிக்கு எதிர்ப்பதமாக வந்த வடசொல், இங்கே வந்து நிலமும் மாடும் குடும்பமும் உடையவர் என்று உழவருக்கே உரிய பெயராகிவிட்டது. அந்தப் பக்கத்து டீக்கடையில் அறிமுகமில்லாத பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமானால், 'இந்த வருடம் என்ன வெள்ளாமை ஐயா?' என்று தொடங்கலாம். மழை, உர விலை, காட்டுப்பன்றித் தொல்லை என்று அடுத்த அரை மணி நேரத்தை அவரே பார்த்துக்கொள்வார். டீக்கும் அவரே காசு கொடுத்துவிடப் பார்ப்பார்.